வழியில் நிறுத்தும் உரிமை

கரீபியன் கடலிலுள்ள தீவுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விமானச் சீட்டு வாங்கி, தங்கும் விடுதிக்கு முன்பணமும் கட்டி முடித்த பிறகு, உல்லாசப் பிரயாணிக்கு ஒரு சில்லறைக் காரியம் பாக்கி நிற்கும். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதே அது. விளம்பரப் புத்தகங்கள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. வெள்ளை மணலையும் நீலக் கடலையும் பக்கம் பக்கமாக அச்சிடுகிறவர்கள், அந்த மணலுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே கிடக்கும் சாலையை, "இத்தனை நிமிஷப் பிரயாணம்" என்று ஒரே வரியில், அபராதத் தொகையை அறிவிக்கிறவர்களின் தோரணையில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். ஸெயின்ட் லூசியாவுக்குப் போய் வந்த பிறகு எனக்கு அவர்களோடு அபிப்பிராய பேதம் உண்டாகிவிட்டது. அந்தத் தேசத்து மனிதர்கள் வாழ்கிற இடத்தை நான் கண்ணால் கண்டது அந்தச் சாலையில்தான். மற்றப் பொழுதெல்லாம் நான் பார்த்தது என்னைப் போன்ற பிரயாணிகளையே.

ஸெயின்ட் லூசியா வடக்குத் தெற்காக 43 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறு தேசம். தலைநகரான காஸ்ட்ரீஸும், விருந்தினர் விடுதிகள் நெருங்கி நிற்கும் ராட்னி பேயும் அதன் வடமேற்குக் கரையில் இருக்கின்றன. பெரிய ஜெட் விமானங்கள் வந்திறங்கும் ஹெவனோரா விமான நிலையமோ தெற்குக் கோடியில், வியூ ஃபோர்ட் என்ற ஊரை ஒட்டியிருக்கிறது. இத்தனை சிறிய நாட்டில் இறங்குமிடத்தை ஒரு கோடியிலும் தங்குமிடத்தை மறு கோடியிலும் வைத்த மகா புத்திசாலி யார் என்று பிரயாணிகள் முணுமுணுப்பது வழக்கம். இதற்கு விடை இரண்டாம் உலக யுத்தத்தில் இருக்கிறது. 1940-ஆம் வருஷம், நெருக்கடியின் உச்சத்தில் இருந்த பிரிட்டன் அமெரிக்காவிடமிருந்து 50 பழைய நாசகாரிக் கப்பல்களைப் பெற்றுக்கொண்டு, அதற்குப் பிரதியாகத் தன் மேற்கிந்தியக் குடியேற்றங்கள் சிலவற்றில் ராணுவத் தளங்கள் அமைத்துக்கொள்ள 99 வருஷக் குத்தகை எழுதிக் கொடுத்தது. ஸெயின்ட் லூசியாவும் அவற்றுள் ஒன்று. எரிமலையிலிருந்து பிறந்து, மலையும் பள்ளத்தாக்குமாக மடிந்து கிடக்கும் அந்தத் தீவில், நீண்ட ஓடுபாதைக்கு வேண்டிய சமநிலம் தெற்கே கரும்பு விளைந்த வயல்களில்தான் கிடைத்தது. அமெரிக்கர்கள் அங்கே பீன் ஃபீல்ட் என்ற பெயரில் ஒரு தளத்தைக் கட்டினார்கள். யுத்தம் முடிந்தது, கட்டியவர்கள் ஊர் திரும்பினார்கள், ஓடுபாதை மட்டும் நின்றுவிட்டது. காஸ்ட்ரீஸுக்கு அருகிலும், நாட்டின் முதல் முதன்மை மந்திரியாக இருந்த ஜார்ஜ் சார்ல்ஸின் பெயரைத் தாங்கிய விமான நிலையம் ஒன்று உண்டு. ஆனால் அதன் ஓடுபாதை ஏறக்குறைய 1,900 மீட்டர்தான் என்பதால், அக்கம்பக்கத்துத் தீவுகளிலிருந்து வரும் சிறு விமானங்களோடு அது திருப்தியடைய வேண்டியிருக்கிறது.

ஆக, எந்தக் காலத்து யுத்த அவசரத்திலோ விழுந்த இந்த இடைவெளியில் இன்று ஒரு தொழில் தழைத்திருக்கிறது. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் சாரதிகளின் குடும்பங்கள் அந்த ஒன்றரை மணி நேரச் சாலையை நம்பித்தான் ஜீவிக்கின்றன. என்னை அழைத்துச் சென்ற சாரதியிடம் தூரத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டபோது, அவர் சிரித்துக்கொண்டே, விமான நிலையத்தை ராட்னி பேயில் கட்டியிருந்தால் நான் இன்று என்ன வேலை செய்துகொண்டிருப்பேன் என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தோன்றவில்லை.

இந்தத் தூரத்தைக் கடக்க உபாயங்கள் பல. பணம் மிகுந்தவர்களுக்கு ஹெலிகாப்டர் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மலையைத் தாண்டி வடக்கே இறக்கிவிடுவார்கள். பணம் குறைந்தவர்கள், உள்ளூர் ஜனங்கள் போய் வரும் சிற்றுந்துகளில் ஏறலாம். ஆனால் இரண்டு பெரிய பெட்டிகளோடு அதில் ஏறுகிறவனை மற்றப் பிரயாணிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தாமே வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டுவாரும் உண்டு. பிரிட்டிஷ் வழக்கப்படி சாலையின் இடப்புறமாகவே ஓட்டுவதால் நமக்கு அதில் தடுமாற்றம் இராது. எனினும் நீண்ட விமானப் பிரயாணத்தின் அயர்ச்சியோடு, முன்பின் தெரியாத மலை வளைவுகளில் வண்டியைத் திருப்புவதை வீரச்செயல் என்று நான் மெச்சமாட்டேன். இவை தவிர, பல விடுதிகளுக்குரிய பிரயாணிகளை ஒன்றாக ஏற்றிச் செல்லும் கூட்டு வண்டி உண்டு. நாம் மட்டுமே ஏறிச் செல்லும் தனி வண்டியும் உண்டு. கூட்டு வண்டி மலிவுதான். ஆயினும், கடைசிப் பெட்டி வரும் வரையில் எல்லாரும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விடுதி வாசலிலும் ஒரு குடும்பம் இறங்கும் வரையில் மறுபடியும் காத்திருக்க வேண்டும். நடுவழியில் யாருக்காகவும் அது நிற்காது. இந்தக் கடைசிக் குறைதான் என்னைத் தனி வண்டியின் பக்கம் சாய்த்தது என்று சொன்னால் பெருமைக்குச் சொன்னதாகும். அப்போது என் மனத்தில் இருந்தது முதுகு வலி ஒன்றே. நிறுத்தும் உரிமையின் அருமை பிறகுதான் தெரிந்தது.

முன்பதிவு செய்வது கஷ்டமான வியவகாரம் அன்று. ஆனால் அதில் கேட்கப்படும் விவரங்கள் விநோதமானவை. விமானத்தின் எண், இறங்கும் நேரம், பெட்டிகளின் தொகை, கூட வரும் குழந்தையின் வயது, விடுதியின் பெயர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். விமான எண்ணை வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. விமானம் தாமதமானால் சாரதி அதை அந்த எண்ணைக் கொண்டே அறிந்து, தாமும் தாமதமாகப் புறப்படுவார். அந்த நாட்டு வாடகை வண்டிகளுக்கு மீட்டர் கிடையாது; ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் முன்னமே நிர்ணயமாகியிருக்கும்; அதுவும் பெரும்பாலும் தலைக்கு அன்று, வண்டிக்கு. ஆனால் கட்டணத்தை எந்த டாலரில் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம். அங்கே புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர் 2.70 கொடுத்தால்தான் அமெரிக்க டாலர் ஒன்று கிடைக்கும். 1976-ஆம் வருஷம் முதல் இந்த விகிதம் அசையாமல் இருக்கிறது. நூறு டாலர் என்ற ஒரே சொல் ஒருவர் காதில் ஒருவிதமாகவும் இன்னொருவர் காதில் வேறுவிதமாகவும் விழுந்து, விடுதி வாசலில் வாக்குவாதமாக முடிவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் நம்மவர்களுக்கு எப்போதும் நேரும் சங்கடம் இங்கும் நேர்ந்தது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது என் தகப்பனார் பெயர். பதிவிலும் அதையே எழுதினேன். விளைவாக, கும்பகோணத்துக்கு மேற்கே அதிகம் போகாதவரும், காலமாகிப் பல வருஷங்கள் ஆனவருமான என் தகப்பனாருடைய பெயரை, கொட்டை எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஹெவனோராவின் சுங்கச் சாவடிக்கு வெளியே, முன்பின் அறியாத ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "மாமாவைக் கூப்பிட வந்திருக்கிறார்" என்றாள்.

பிற்பகலில் இரண்டு மூன்று பெரிய விமானங்கள் அடுத்தடுத்து இறங்குவதால், அந்த வெளிவாசலில் அப்போது பெருங்கூட்டம். அட்டை பிடித்தவர்கள் ஒரு பக்கம். அட்டையில்லாமல், சங்கத்து வரிசைப்படி தமக்கு வரும் பிரயாணிக்காக நிற்கும் சாரதிகள் மறுபக்கம். முன்பதிவு செய்தவர்களுக்கு அந்த இடத்தில் உண்டாகும் ஆறுதல் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலின் விலையில் ஒரு பங்கு சாரதிக்குப் போவதில்லை என்பதும் உண்மை. வேறு தேசத்தில் அலுவலகம் வைத்துக்கொண்டு பதிவு வாங்குகிற தரகர்கள் தங்கள் கமிஷனை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தீவுக்கு அனுப்புகிறார்கள் என்று எங்கள் சாரதி பின்னால் சொன்னார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். திரும்புகிற பிரயாணத்துக்கு அவரிடமே நேரில் பேசிக்கொண்டோம்.

வண்டியில் ஏறியதும் சாரதி குளிர்பெட்டியிலிருந்து தண்ணீரும், வியூ ஃபோர்ட்டிலேயே வடிக்கப்படும் பிட்டான் பீரும் எடுத்து நீட்டினார். நான் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். வண்டி கிழக்குக் கரையோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டது. இந்தப் பக்கத்துக் கடல் அட்லாண்டிக். விளம்பரப் படங்களில் வரும் சாதுவான கடல் அன்று. இடைவிடாமல் கீழ்க்காற்று அடித்து, அலைகள் பாறைகளில் மோதிக்கொண்டேயிருக்கும். விடுதிகளெல்லாம் மேற்குக் கரையை நாடிப் போனதன் காரணம் ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது.

மிக்கூ என்ற சிற்றூரை நெருங்கியதும் சாரதி வேகத்தைக் குறைத்து, டேரன் ஸாமி பிறந்த ஊர் இது என்றார். ஸெயின்ட் லூசியாவிலிருந்து டெஸ்ட் ஆட்டத்துக்குப் போன முதல் மனிதர். 2012-இல் கொழும்பிலும் 2016-இல் கல்கத்தாவிலும் இருபது ஓவர் உலகக் கோப்பையை மேற்கிந்தியத் தீவுகளுக்கு வென்று கொடுத்த தலைவர். நான் கொழும்பு ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். வண்டி தானாகவே ஓர் இளநீர்க் கடையோரம் நின்றது. கடைக்காரரும் சம்பாஷணையில் சேர்ந்துகொண்டார். கால் மணி நேரத்தில், ஒரு பந்தையாவது பிடிக்கத் தெரியாத எனக்குக் கிரிக்கெட் பண்டிதன் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. இந்தியன் என்ற ஒரே காரணத்தால் மனிதர்கள் நம்மிடம் எவ்வளவு ஞானத்தை எதிர்பார்க்கிறார்கள்!

இந்தியன் என்பதைக் கேட்டதும் கடைக்காரர் தம் தாய்வழிப் பாட்டியின் முன்னோரும் இந்தியாவிலிருந்து வந்தவர்களே என்றார். 1859-ஆம் வருஷம் பல்மைரா என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளை இந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களிற் பெரும்பாலோர் வட இந்தியர்கள். நம்மவர்கள் போனது பக்கத்திலிருக்கும் பிரெஞ்சுத் தீவுகளுக்கு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களின் சந்ததியார், ஸெயின்ட் லூசியாவின் வட முனையில் நின்றால் தெளிந்த நாளில் கண்ணுக்குத் தெரிகிற மார்ட்டினிக்கில் இன்றும் இருக்கிறார்கள். கடைக்காரருக்குத் தம் முன்னோரின் ஊர்ப் பெயர் தெரியாது, பாஷையும் தெரியாது. அவரும் சாரதியும் தங்களுக்குள் பேசிக்கொண்டது, பிரெஞ்சுச் சொற்களில் வேரூன்றிய கிரியோல். பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே பதினான்கு முறை கைமாறியதாகச் சொல்லப்படும் அந்தத் தீவு, கடைசியில் ஆங்கிலேயரிடம் தங்கியும், வீட்டுப் பேச்சில் பிரெஞ்சுக்காரரை முழுவதும் விட்டுவிடவில்லை.

டெனரிக்கு அப்பால் சாலை கடலைக் கைவிட்டு உள்ளே திரும்புகிறது. அங்கிருந்து வாழைத் தோட்டங்கள். குலைகளின் மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறைகளைப் போர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பூச்சியும் கீறலும் படாமல் இருப்பதற்காக. கரும்பு ஓய்ந்த பிறகு இந்த நாட்டைத் தாங்கியது இந்த வாழைதான்; வாரந்தோறும் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயிற்று. பழைய குடியேற்ற நாடுகளின் பழத்துக்கு ஐரோப்பா காட்டிவந்த சலுகை தவறானது என்று, பெருந்தோட்ட முதலாளிகளின் பழத்தை விற்க விரும்பிய அமெரிக்காவும் சில லத்தீன் அமெரிக்க நாடுகளும் வழக்காடி, உலக வர்த்தக ஸ்தாபனத்தில் 1997-ஆம் வருஷம் ஜயித்தன. அதன் பிறகு இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த சம்சாரிகளால் நிற்க முடியவில்லை. எங்கள் சாரதியின் தகப்பனார் அவர்களில் ஒருவர். ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் புதர் மண்டிய ஒரு சரிவைக் காட்டி, அதுதான் எங்கள் நிலம் என்றார். நிலத்தை விற்றுவிட்டீர்களா என்றேன். இல்லை, வண்டியின் கடன் தீர்ந்ததும் மறுபடி ஏதாவது நடலாம் என்று பார்க்கிறேன் என்றார். ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு மிகவும் பசுமையாகத் தெரிந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

பிறகு பார் டி லீல் என்னும் மலைமுகட்டின் ஏற்றம். பெரணிச் செடிகள் சாலைக்குள் கைநீட்டும் வளைவுகள். என் மனைவிக்குச் சிறிது தலைசுற்றல். மறுபடி ஒரு நிறுத்தம். இறக்கத்தில் காஸ்ட்ரீஸின் நெரிசல். அதைத் தாண்டி ராட்னி பேயின் விடுதி வாயிலில், காவற்காரர் எங்கள் பெயரைப் பட்டியலில் சரிபார்த்துக் குறுக்குக் கம்பத்தை உயர்த்தினார். உள்ளே எல்லாம் ஒழுங்காகவும் சுத்தமாகவும் இருந்தன. எங்கே வேண்டுமானாலும் இருக்கக்கூடிய அழகோடு இருந்தன. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை.

திரும்பும் நாளில் மேற்குக் கரைச் சாலையாகப் போகலாமா என்று சாரதியே கேட்டார். தூரமும் வளைவுகளும் அதிகம். கட்டணமும் சிறிது அதிகம். அமெரிக்க டாலரில் என்று தெளிவாகவே சொன்னார். காலையிலேயே புறப்பட்டு, ஆன்ஸ் லா ரேயைத் தாண்டி ஒரு குடிசைக் கடையில் சூடாக மரவள்ளி ரொட்டி தின்றோம். கடலிலிருந்து நேராக 700 மீட்டருக்கு மேல் எழும் இரண்டு பிட்டான் சிகரங்களும் தெரிகிற சூஃப்ரியேர் மேட்டில் எல்லாரும் நிற்பதுபோல் நாங்களும் நின்றோம். கந்தக ஊற்றுக்களின் நாற்றம் வண்டிக்குள்ளும் வந்தது. ஷ்வாஸலில் மண்ணால் செய்த கரியடுப்பு ஒன்றை என் மனைவி விலை பேச, அது விமானத்தில் உடைந்துபோகும் என்று நானும் உடையாது என்று சாரதியும் வாதாட, பழைய செய்தித்தாளில் சுற்றி அதை அவரே கட்டிக் கொடுத்தார்.

ஹெவனோராவை அடைந்தபோது லண்டன் விமானம் அதற்குள் இறங்கியிருந்தது. அதில் வரும் ஒரு குடும்பத்தை ராட்னி பேய்க்கு அழைத்துப் போவது அவருடைய அடுத்த வேலை. வடக்கே வெறும் வண்டியாகத் திரும்பினால் எங்களிடம் வாங்கிய கூலியில் பாதி எரிபொருளுக்கே போய்விடும் என்று நாங்கள் புறப்படும் நேரத்தை அந்த விமானத்துக்குப் பொருந்தும்படி அவர் முன்னமே குறித்திருந்தார். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து ஒரு குழந்தை ஆசனத்தை எடுத்து, அதன் வார் சிக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு கை பிடிக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். இருவருமாக இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. என் மனைவி கரியடுப்பைத் தரையில் வைத்துவிட்டு வந்து, கொக்கியை மறுபக்கமாகத் திருப்பி, ஒரே இழுப்பில் மாட்டிவிட்டாள்.