முதுகில் குழியுள்ள துடுப்பு

ஒரு கிரிக்கெட் துடுப்புக்குப் பொய்ச்சான்று எழுதிக் கொடுத்தவன் நான். ஏமாந்துபோய் எழுதவில்லை, தெரிந்தே எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்கு இருக்கும் மவுசு வெளியாருக்குச் சொன்னால் விளங்காது. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய ‘வடக்கின் பெருஞ்சமர்’ வந்தால், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் விமானமேறி வருகிறார்கள். அந்தக் காலத்துத் துடுப்பு, பந்து, தொப்பி எதுவானாலும் அவர்களிடம் விலை உண்டு. பழைய விளையாட்டுச் செய்திகளைச் சேர்த்து வைத்திருப்பவன் என்பதால், “இது உண்மையானதுதானோ, மாஸ்டர்?” என்று என்னிடம் கொண்டு வருவார்கள்.

அந்தத் துடுப்பும் அப்படித்தான் வந்தது. வேறொரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். 1960களில் பெரிய போட்டியொன்றில் தன் பெரியப்பா சதம் அடித்த துடுப்பு என்றார் கொண்டுவந்த தம்பி. ரொறன்ரோவில் பழைய மாணவர் விருந்தில் ஏலம், காசு பள்ளிக்கூடத்துக்கு. முன்பக்கத்தில் பந்து பட்ட சிவப்புத் தடங்கள், எண்ணெய் ஊறிக் கறுத்த மரம், பிடியில் பிரிந்த நூல். யாரோ நிறைய விளையாடியிருக்கிறார்கள் என்பதற்கு அவை சாட்சி. யார், எப்போது என்பதற்கு அல்ல. திருப்பிப் பார்த்தேன். முதுகில் நீளமாக ஒரு குழி. கிரே நிக்கல்ஸ் ‘ஸ்கூப்’. அந்த வகைத் துடுப்பு 1974இல்தான் சந்தைக்கு வந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் முகத்தைப் பார்த்து மனம் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் காசு சேரட்டும் என்று நினைத்தேன் என்றெல்லாம் பின்னர் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரொறன்ரோ மேடையில் என் பெயரை வாசிப்பார்கள் என்ற ஆசைதான் வாயை அடைத்தது.

அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்போல்காரர்கள் இப்படியான பொருள் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய 2001 முதல் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போதே மைதானத்தில் ஒரு சாட்சி இருப்பார். பெரும்பாலும் பொலிஸ் உத்தியோகம் பார்த்தவர். ஆட்டத்திலிருந்து பந்து வெளியே வந்ததும் இலக்கமிட்ட ஹொலோகிராம் ஒட்டிப் பதிந்துவிடுவார். அவர் கண்ணால் காணாத பந்துக்கு ஒட்டு இல்லை. எங்களுக்கு இருந்தவை ஸ்கோர் புத்தகமும் பத்திரிகைப் படமும்தான். 1981இல் யாழ். நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்தவையும் போயின.

என் சான்றுக் கடிதத்தில் இதைத்தான் எழுதினேன்: ஆவணங்கள் அழிந்துவிட்டன, ஆகவே குடும்பத்தாரின் வாய்மொழியை ஏற்கலாம் என்று. அழிந்தது உண்மை. ஆனால் இந்தத் துடுப்பைப் பொய்யென்று காட்ட ஒரு ஆவணமும் தேவைப்படவில்லை. நூலகம் எரிந்த கதையைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி கேட்க எவரும் கூசுவார் என்று கணக்குப் போட்டே எழுதினேன். பொய்ச்சான்றைவிட அதுதான் பெரிய அயோக்கியத்தனம்.

பெரியப்பா சதம் அடித்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அந்தத் துடுப்பால் அடிக்கவில்லை. ஏலத்தில் எடுத்தவர் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள், காசுக்கு நான் பொறுப்பு. என் கையெழுத்திட்ட வேறு சான்று எவரிடமாவது இருந்தால், அதையும் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள்.