அம்மம்மாவை 'நீ' என்றவள்

போன ஓகஸ்ட்டில் பிரான்சில இருந்து சித்தி குடும்பம் வந்து நின்றது. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு யூலையும் ஓகஸ்ட்டும் பெரிய லீவு. நல்லூர்த் திருவிழாவும் அந்த நேரத்தில்தான் வரும் என்பதால், ஓகஸ்ட் என்றாலே எங்கட ஒழுங்கை முழுக்க வெளிநாட்டுச் சனம்தான். சித்தியின் மகளுக்கு 12 வயது. பிறந்தது பாரிசுக்குப் பக்கத்தில். தமிழ் விளங்கும், கதைப்பாள். ஆனால் தலைக்குள்ள பிரெஞ்சில் யோசித்து, வாய்க்குள்ள தமிழாக்கி, பிறகுதான் வெளியில விடுவாள்.

வந்த முதல் நாள் பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனேன். படியில் கால் வைத்ததும் கணீரென்று "வணக்கம்" என்றாள். கடைக்கார அண்ணை கல்குலேட்டரில் இருந்து நிமிர்ந்து எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஏதோ நன்கொடை சேர்க்க ஆக்கள் வந்திருக்கினம் என்று நினைத்திருப்பார் போல. எங்கட ஊர்க் கடையில் யார் வணக்கம் சொல்லுறது? "அண்ணை, ஒரு சவர்க்காரம்" என்றால் அதுதான் வணக்கம். சாமானை வாங்கிக்கொண்டு இறங்கும்போது "நல்ல நாள்" என்று வேறு சொன்னாள். அண்ணை பாவம், கலண்டரைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு. வீட்டில வந்து எல்லாருக்கும் நடித்துக் காட்டினேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஏன் சிரிக்கிறம் என்று அவளுக்கு விளங்கியிருக்காது என்று இப்ப நினைக்கிறன்.

சாப்பாட்டு மேசையில் அடுத்த பிரச்சினை. தண்ணி கொடுத்தாலும் நன்றி, கரண்டி கொடுத்தாலும் நன்றி. அம்மம்மா எனக்குக் கிட்ட வந்து, "என்னடி இவள், பிறத்தி ஆக்களுக்குச் சொல்லுற மாதிரி நன்றி நன்றி எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்றா. ஒரு நாள் இரவு புட்டு. அம்மம்மா இரண்டாம் தரம் போட வந்தபோது அவள் தட்டுக்கு மேலே கையை வைத்து, பழக்கதோசத்தில் "மெர்ஸி" என்றாள். அந்த ஒரு சொல்லின் அர்த்தம் சித்தி தயவால் வீட்டில எல்லாருக்கும் தெரியும். நன்றி சொல்லுறாள், அப்ப விருப்பம்தான் என்று அம்மம்மா கையை விலக்கிப்போட்டு இன்னும் இரண்டு கரண்டி போட்டா. பிரெஞ்சில் சாப்பாடு நீட்டும்போது தனியாக ஒரு மெர்ஸி சொன்னால், அதுவும் கையால் மறித்துக்கொண்டு சொன்னால், 'காணும், வேண்டாம்' என்று அர்த்தம். பிள்ளை அழாக்குறையாக அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தது.

இதெல்லாம் பகிடி. பகிடி இல்லாதது மூன்றாம் நாள் நடந்தது.

மத்தியானம், பக்கத்து வீட்டு அன்ரியும் வந்திருந்தா. எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்த அம்மம்மாவைப் பார்த்து இவள், "அம்மம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அம்மம்மாவின் கை அப்படியே நின்றது. "பிரான்சில உப்பிடித்தானோ பழக்கியிருக்கினம்?" என்று அன்ரி சித்தியைப் பார்த்தா. சித்தியின் முகம் கறுத்துப்போனது. நான் அவளை அறைக்குள்ள இழுத்துக்கொண்டு போய், "பெரியாக்களை நீ எண்டு சொல்லக்கூடாது. மரியாதை தெரியாதா உனக்கு?" என்று பேசினேன். நல்லாவே பேசினேன். அன்ரிக்குக் கேட்கட்டும் என்றும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன்.

அதற்குப் பிறகு அவள் அம்மம்மாவோட கதைக்கவே இல்லை. கோபத்தில் இல்லை, பயத்தில். தமிழில் 'நீ'யை விட்டுவிட்டுக் கதைக்கலாம் என்றாலும் வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடும். சாப்பிட்டியா, சாப்பிட்டியளா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேணும். பிழை விடாமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி வாயை மூடுவது. மிச்ச இரண்டரைக் கிழமையும் தலையாட்டினாள், சிரித்தாள், அவ்வளவுதான். "பிள்ளைக்கு எங்களோட ஒட்டு இல்லை" என்று அம்மம்மா முடிவு கட்டிவிட்டா.

இந்த வருசம் எங்கட பீடத்தில் மேலதிகமாக ஒரு மொழி படிக்கலாம் என்றபோது பிரெஞ்சுக்குப் பெயர் கொடுத்தேன். பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை, நேர அட்டவணைக்கு அதுதான் சரிவந்தது. முதல் வகுப்பிலேயே கடைக்கார அண்ணைக்கு விழுந்த வணக்கம் விளங்கிவிட்டது. 'போன்ஜூர்' என்பது வெறும் காலை வணக்கம் இல்லை. கடைக்குள், பஸ்ஸுக்குள், டொக்டரின் காத்திருக்கும் அறைக்குள் போகும்போது கதவைத் தட்டுவது மாதிரி அது. அதைச் சொல்லாமல் "ஒரு பாண் தாங்கோ" என்று தொடங்கினால், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் நீங்கள் மரியாதை தெரியாத ஆள்தான். சிலர் கேள்விக்குப் பதில் சொல்லாமல், அழுத்தி ஒரு போன்ஜூர் சொல்லிவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பின்னேரம் இருட்டுப்பட்டால் 'போன்ஸுவார்'. போகும்போது 'போன் ஜூர்னே', அதாவது நாள் நல்லாய் அமையட்டும். அதைத்தான் எங்கட ஆள் "நல்ல நாள்" ஆக்கியிருக்கிறாள். பிரியும்போது சொல்லுகிற 'ஓ ருவார்' மட்டும் எனக்கு உடனே ஒட்டியது. 'திரும்பக் காணும் வரைக்கும்' என்று அர்த்தம். நாங்களும் 'போறன்' என்று சொல்ல மாட்டம், 'போட்டு வாறன்' என்றுதானே சொல்லுவம்.

பாணைப் பற்றியும் சொல்லவேணும். பிரெஞ்சில் அது 'பேன்'. எங்கட பாண் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். இரண்டுமே ஒரே இலத்தீன் சொல்லில் இருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர் பாண் விசயத்தில் எவ்வளவு கண்டிப்பு என்றால், 'த்ரதிசியோன்' என்ற பெயரில் விற்கும் பகெத்தில் கோதுமை மா, தண்ணி, உப்பு, புளிக்கவைக்கும் மா இவைதான் அடிப்படை, சேர்மானம் போடக்கூடாது, குளிரில் உறையவைக்கவும் கூடாது என்று 1993இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். 2022இல் பகெத் செய்யும் கலையும் அதன் பண்பாடும் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தன. அங்கே பாணை வாங்கிக்கொண்டு வரும் வழியிலேயே நுனியை முறித்துச் சாப்பிடுவது பிள்ளைகளின் உரிமை மாதிரி. அந்த நுனிக்கு 'கினியோன்' என்று தனிப்பெயரே இருக்கிறது. போன வருசம் பாண் ஓட்டோ பாட்டோட வாசலுக்கு வந்தபோது இவள்தான் ஓடிப்போய் வாங்கினாள். உள்ளே கொண்டுவரும்போது நுனியைக் காணவில்லை. "எச்சில் படுத்திப்போட்டாள்" என்று அதற்கும் வீட்டில ஒரு கதை நடந்தது.

நாலாவது வகுப்பில் 'தூ'வும் 'வூ'வும் வந்தன. இதில் தூ என்று எழுதுவது வசதிக்கு. உண்மையில் 'ஊ' சொல்ல உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு 'ஈ' சொல்லவேணும். ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீன் மாதிரி வாயை வைத்துப் பழகினேன். தூ என்றால் நீ, வூ என்றால் நீங்கள் என்று பலகையில் எழுதியதும் எல்லாரும் நிம்மதியாகக் கொப்பியில் எழுதினம். இது எங்களிடமும் இருக்கிறதுதானே.

இல்லை. ரீச்சர் இரண்டு கதை சொன்னா. பிரெஞ்சு சனாதிபதியாக இருந்த ஜாக் சிராக்கும் மனைவி பெர்னதெத்தும் ஒருவரை ஒருவர் வூ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். பழைய பெரிய குடும்பங்களில் இன்னும் அப்படி உண்டு. மற்றது 2018 யூன் மாதத்துக் கதை. ஒரு நினைவு நிகழ்வில் கூட்டத்தில் நின்ற பெடியன் ஒருவன் சனாதிபதி மக்ரோனைச் செல்லப்பெயர் சொல்லி, சினேகிதனைக் கேட்பது மாதிரிச் சுகம் கேட்டுவிட்டான். மக்ரோன் கமராக்களுக்கு முன்னாலேயே நின்று, என்னை 'மெஸ்யூ' என்றோ 'சனாதிபதி அவர்களே' என்றோ கூப்பிடவேண்டும் என்று பாடம் எடுத்தார். அந்த நாட்டிலும் மரியாதைக் கணக்கு இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ரீச்சர், "பேத்தி அம்மம்மாவோட கதைக்கேக்க எது?" என்று கேட்டா. வகுப்பு முழுக்க ஒரே குரலில் "வூ" என்றது. நானும்தான். அவ தலையை ஆட்டினா. இன்றைய சாதாரணக் குடும்பங்களில் அம்மம்மாவுக்கு தூ. வூ என்றால் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் தெரியாத கிழவியிடம் கதைப்பது போல. பேத்தி வூ என்று தொடங்கினால் அம்மம்மா, "ஏன், நான் என்ன பிழை செய்தேன்?" என்றுதான் கேட்பா.

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அறைக்குள்ள இழுத்துக்கொண்டு போய் நான் பேசியது, அந்தப் பிள்ளை அம்மம்மாவுக்குக் கிட்டப் போக எடுத்து வைத்த முதல் அடிக்கு.

அன்றிரவே வட்ஸ்அப்பில் அவளுக்கு எழுதினேன். அப்ப எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் போன்ஜூர், சா வா, மன்னிப்பு, பெயர், வயது. அதுகளை வைத்தே நாலு வரி. உடனே ஒரு வொய்ஸ் வந்தது, தமிழில். "அக்கா, பரவாயில்லை. ஆனா எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அம்மம்மா ஏன் எனக்கு 'வாங்கோ, சாப்பிடுங்கோ' எண்டு சொல்லுறவ? அது வூ தானே? அம்மா வீட்ட 'கெதியா வா' எண்டுதான் சொல்லுவா. அம்மம்மாவுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்."

இதை நான் மூன்று தரம் போட்டுக் கேட்டேன். சின்னப் பிள்ளைகளை "குஞ்சு, இஞ்ச வாங்கோ", "ராசாத்தி, கண்ணை மூடுங்கோ" என்று கூப்பிடுவது எங்கட ஊரில் செல்லத்தின் உச்சம். என்னையெல்லாம் கோபம் வந்தால்தான் அம்மா 'நீ' என்பா. நடுவில் 'நீர்' வேற இருக்கிறது. விரிவுரையாளர் "நீர் என்ன எழுதியிருக்கிறீர்?" என்றால் அது மரியாதையா எச்சரிக்கையா என்று எங்களுக்கே தெரியாது. பிரெஞ்சில் ஆக்கள் நெருங்கினால் வூவில் இருந்து தூவுக்கு இறங்குவார்கள். 'தூ போட்டுக் கதைப்பமா?' என்று கேட்டுவிட்டு இறங்குவதற்குத் தனி வினைச்சொல்லே இருக்கிறது. நாங்கள் அன்பு கூடினால் பிள்ளையை மேலே ஏற்றி வைக்கிறம். அவளுக்கு இதை யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த ஆகப்பெரிய அன்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது அவமரியாதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடைசியில் அவள் ஒரு திருத்தமும் அனுப்பியிருந்தாள். 'தெஸொலே' என்று மன்னிப்புக் கேட்பது பொம்பிளை என்றால் எழுதும்போது கடைசியில் இன்னுமொரு எழுத்துச் சேர்க்கவேணுமாம். உச்சரிப்பு அதேதான். நான் ஆம்பிளையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். "அங்க அம்மம்மாவை நீ எண்டுதான் கூப்பிடுறவை" என்றதற்கு, "அங்க அப்பிடி எண்டா அங்க சொல்லட்டும்" என்று விட்டா. பிறகு, பிரெஞ்சுக் கத்தோலிக்கர் கர்த்தர் கற்பித்த செபத்தில் கடவுளை வூ என்று சொல்லிக்கொண்டிருந்து, 1966இல் தூவுக்கு மாறினார்கள் என்று வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லி, "நீங்கள் நல்லூரில நிண்டு முருகனை நீங்கள் எண்டே கும்பிடுறனீங்கள்?" என்று கேட்டேன். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் வெங்காயம் உரித்தா. "முருகனை ஆர் நீங்கள் எண்டுவினம்" என்றா. பிறகு, "அப்ப அவள் என்னை அந்த மாதிரியே நினைச்சுச் சொன்னவள்?" என்று கேட்டா. அந்த மாதிரியே இல்லை, ஆனால் அந்தப் பக்கத்தில்தான் என்றேன்.

அம்மம்மாவின் பிறந்தநாளுக்கு அவள் வீடியோவில் வந்தாள். வயது 81. "கத்ர் வேன் அன்" என்று சொல்லிக் காட்டினாள். நாலு இருபது, ஒன்று. 80ஐ அவர்கள் 'நாலு இருபது' என்றுதான் சொல்லுகிறார்கள். 90 என்றால் 'நாலு இருபது பத்து'. பழைய காலத்தில் இருபது இருபதாக எண்ணிய வழக்கத்தின் மிச்சம் இது. முந்நூறு பார்வையற்றவர்களுக்காக 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பாரிஸ் ஆஸ்பத்திரி ஒன்று இன்றைக்கும் 'பதினைந்து இருபதுகள்' என்ற பெயரில்தான் இருக்கிறது. இதென்ன விசர்க் கணக்கு என்று சிரித்தேன். "நீங்கள் தொண்ணூறு எண்டு சொல்லுறீங்கள், அதுக்குள்ள ஏன் நூறு இருக்கு?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பதில் தெரியவில்லை. ஒன்பதுக்குள் பத்தும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் இருப்பதை அன்றைக்குத்தான் நானே கவனித்தேன்.

இப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாள். எங்களுக்கு இரவுச் சாப்பாடு முடிகிற நேரம், அவளுக்குப் பின்னேரம் நாலு மணி தாண்டியிருக்கும். அது அங்கே 'கூத்தே' நேரம், பிள்ளைகள் பாணும் சொக்லேட்டும் சாப்பிடுகிற நேரம். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "அம்மம்மா, நீ சாப்பிட்டியா?" என்பாள்.

"ஓம் குஞ்சு. நீங்கள் என்ன சாப்பிடுறியள்?" என்பா அம்மம்மா.

பக்கத்து வீட்டு அன்ரி வந்திருந்தால் மட்டும் அம்மம்மா போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ள போயிடுவா.