சொக்ஸோட உள்ள வரலாமா?

வீட்டுக்குள் சப்பாத்துப் போடக்கூடாது. இதில் எங்கள் நாலு பேருக்கும் சண்டை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவன், மட்டக்களப்பில் ஒருவன், மன்னாரில் ஒருவன், அட்டனில் ஒருவன் என்று வளர்ந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்குப் பிரித்துக்கொண்டு இருக்கிறோம். கறிக்கு எவ்வளவு தூள் போடுவது, ஃபானை எத்தனையில் விடுவது, யார் குப்பையைக் கீழே கொண்டுபோவது என்று எதிலும் எங்களுக்குள் ஒற்றுமை வந்தது கிடையாது. ஆனால் கடைசிப் படியில் ஏறியதும் நாலு பேரின் கால்களும் தாமாகவே சப்பாத்தை உதறும். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

சண்டை தொடங்குவது சொக்ஸில். சொக்ஸ் காலோடு சேர்ந்ததா, சப்பாத்தோடு சேர்ந்ததா?

யாழ்ப்பாணத்தானின் கட்சி தெளிவு. "அது சப்பாத்தின்ர உள்பக்கம். சப்பாத்து வெளியில நிக்குதெண்டா அதுவும் வெளியிலதான்." மட்டக்களப்பான் அதே சொக்ஸோடு உள்ளே வந்து, கட்டிலில் ஏறி, போனைப் பார்த்துவிட்டு அப்படியே நித்திரையும் கொள்வான். கேட்டால், வேர்த்த காலை நிலத்தில் வைத்தால் அடையாளம் விழும், சொக்ஸோடு நடந்தால் விழாது, நிலத்தைத் துடைக்கிற முறை தன்னுடையதாக இருக்கிற கிழமையில் இதுதான் லாபம் என்பான். மன்னார்க்காரன் கழற்றுவான். கழற்றியதைச் சுருட்டிச் சப்பாத்துக்குள்ளேயே செருகிவிடுவான். வெள்ளிக்கிழமை செருகியது திங்கட்கிழமை காலை வரைக்கும் அங்கேயே கிடக்கும். நாலு பேரில் மிக மோசமானது இந்தக் கொள்கை என்பதில் மற்ற மூன்று பேரும் ஒரே கட்சி.

அட்டன்காரன் வேறு சாதிப் பிறவி. அவன் வெளிச் சொக்ஸைக் கழற்றி, காலைக் கழுவி, துடைத்து, வேறு ஒரு சோடி தடித்த சொக்ஸை மாட்டுவான். கொழும்பு வெக்கையில், கடல் மட்டத்தில், ஃபானுக்குக் கீழே! சிரித்தால் கோபப்படுவான். "எங்க ஊருக்கு டிசம்பர்ல வந்து வெறுங்காலோட நின்னு பாருங்கடா, அப்புறம் சிரிங்க." நியாயம்தான். அட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். லயத்துச் சீமெந்து நிலம் விடியற்காலையில் ஐஸ்கட்டி மாதிரி. அங்கே வீட்டுக்குள் சொக்ஸ் போடுவது ஸ்டைல் இல்லை, குளிர்காப்பு. குளிர் இல்லாத இடத்துக்கு வந்த பிறகும் கால் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

எங்களுக்குச் சப்பாத்து, சொக்ஸ் இரண்டுமே இரவல் சாமான்கள்தான். 'சப்பாத்து' போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். சிங்களத்தில் சப்பாத்துக்குச் 'சபத்து' என்றும் சொக்ஸுக்கு 'மேஸ்' என்றும் சொல்கிறார்கள். அந்த இரண்டும் அதே கப்பலில் வந்தவை. 'காலுறை' என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிற சொல். "அம்மா, என்ர காலுறை எங்க?" என்று எந்த வீட்டில் கேட்டிருக்கிறீர்கள்? ரப்பர் செருப்புக்கு நாங்கள் சொல்கிற 'பாட்டா'கூட 1894இல் ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரில் தொடங்கிய கொம்பனியின் பெயர். யார் செய்து விற்றாலும் எங்கட ஊரில் அது பாட்டாதான்.

சொக்ஸை எங்கள் வாழ்க்கைக்குள் கொண்டுவந்தது பள்ளிக்கூடம். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைச் சொக்ஸ், வலிகாமத்துச் செம்மண், கார்த்திகை மழை. இந்த நாலையும் ஒன்றாக யோசித்தவர் நிச்சயமாகப் பிள்ளைகளின் உடுப்புத் தோய்த்தவராக இருக்க முடியாது. ஒருதரம் செம்மண் ஏறிய சொக்ஸ் எந்த நீலத்துக்கும் வெளுக்காது. சப்பாத்தில் பட்ட கறையைச் சோக்கட்டியால் தேய்த்து மறைக்கலாம், சொக்ஸில் அது நடக்காது. இழுவை போன சொக்ஸ் கணுக்காலில் சரிந்து விழாமல் இருக்க, மடிப்புக்குள்ளே ரப்பர்பாண்ட் போடுவோம். பின்னேரம் கழற்றும்போது காலைச் சுற்றி ஒரு சிவந்த கோடு இருக்கும். வாசலில் மாணவத் தலைவர்கள் நின்று முதலில் பார்ப்பது முகத்தையா? காலைத்தான். சப்பாத்துக்கு வவுச்சர் வந்த வருடங்களில் கடைகளில் நின்ற வரிசை எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. 2022இல் எல்லாமே விலை ஏறியபோது, எங்கட தம்பி தங்கச்சிமார் படித்த வகுப்புகளில் செருப்போடு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். படிப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆகவே வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றுவது எங்களுக்கு ஒரு விடுதலை. காற்றுப் பட்டதும் விரல்கள் விரியுமே, அந்த நிமிடத்துக்காகவே வீட்டுக்கு வரலாம்.

கீழ்வீட்டு அன்ரி இதை 'எங்கட பண்பாடு' என்பா. "தம்பியவை, சப்பாத்தோட மேல போகாதேங்கோ, சாமிப்படம் இருக்கிற வீடு." நாங்கள் தலையாட்டுவோம். ஆனால் இந்தப் பண்பாட்டுக் கதையை முழுசாக விழுங்க எங்களால் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளின் பட்டியலில் மேல்சட்டையும், பஸ் இருக்கையும், தேத்தண்ணிக் கடையும் இருந்தன. செருப்பும் இருந்தது. வாசலில் கழற்றுவதற்கே அவர்களின் காலில் செருப்பு இருக்கக்கூடாது. எவ்வளவு கழுவினாலும் அந்தக் கால்கள் விறாந்தைக்கு மேலே ஏறவும் கூடாது, வேலைக்கு வந்தவர் கோடிப்பக்கத்தால் போய்ப் பின்வளவில் நிற்க வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகளை ஒழிப்பதற்குச் சட்டம் வந்தது. சட்டம் வந்து 11 வருடம் கழித்தும், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. அப்பவும் 'சுத்தம்' என்ற சொல்லைத்தான் குறுக்கே போட்டார்கள். அதனால் எங்கட வீட்டு விதிக்கு நாங்கள் வைத்திருக்கிற காரணம் ஒன்றே ஒன்று. காலி வீதி ஊத்தை. பஸ்தரிப்பு, மீன்கடை, பொதுக் கழிப்பறை எல்லாவற்றையும் மிதித்த அடி, நாங்கள் சாப்பிட இருக்கிற நிலத்தில் படக்கூடாது. இதற்கு மேல் அந்த விதிக்கு ஒரு மகிமையும் தேவையில்லை.

கழற்றாமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். எங்களில் ஒருவனின் அம்மம்மா இன்னும் சொல்லுவா, சுற்றிவளைப்பு நாட்களில் சோதனைக்கு வந்த பூட்ஸ் கால்கள் சாமியறை வரைக்கும் போய்த் திரும்பியதை. அலுமாரியைக் கொட்டியதையும் அரிசிச் சாக்கைக் குத்திப் பார்த்ததையும் அவ ஒரு வசனத்தில் முடித்துவிடுவா. பூட்ஸ் அடையாளத்தைப் பற்றித்தான் நீளமாகக் கதைப்பா. எத்தனை வாளி தண்ணி அள்ளினா, மஞ்சள் கரைத்து எத்தனை தரம் தெளித்தா என்று எண்ணிக்கையோடு சொல்லுவா. அந்தக் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு, வீட்டுக்குள்ளே சப்பாத்துச் சத்தம் கேட்டால் இப்பவும் வயிற்றுக்குள் ஏதோ செய்யுமாம். பார்சல் கொண்டுவருகிற பெடியன் ஒரு அடி உள்ளே வைத்தாலும் எழும்பி நிற்பான்.

இவ்வளவும் இருக்க, வீட்டுக்குள் செருப்புப் போட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். எங்களில் இரண்டு பேரின் அம்மாமாருக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது, வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்பதுதான். நாள்பட்ட சலரோகத்தில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். ஒரு கண்ணாடித் துண்டோ மீன்முள்ளோ ஏறினாலும் தெரியாது. தெரிய வரும்போது புண் ஆழமாகப் போயிருக்கும், சிலருக்கு விரல் போய்விடும், சிலருக்குக் காலே. மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும், இழுவை இறுக்காத வெள்ளைச் சொக்ஸும் போடச் சொல்வார்கள். ஏன் வெள்ளை? இரத்தம் கசிந்தால் உடனே கண்ணில் படும். பள்ளிக்கூடம் சொல்லாத ஒரு காரணம்.

ஆனால் அம்மாமார் கேட்க வேண்டுமே. "வீட்டுக்க செருப்போட திரியிறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?" வீட்டுச் செருப்பு வேறு, வெளிச் செருப்பு வேறு என்று விளக்கி, வேறு நிறத்தில் வாங்கிக் கொடுத்து, அடுப்படி வரைக்கும் சம்மதிக்க வைத்தோம். சாமியறைக்கு முன்னால் அது கழன்றுவிடும். எப்படிக் கதைத்தாலும் கழன்றுவிடும். இப்போது சாமியறை வாசலில் தடித்த பாய் ஒன்றைப் போட்டு, கூட்டுகிற வேலையில் முதல் வேலையாக அந்த அறையைத் தும்புத்தடியால் வடிவாகக் கூட்டிவிடச் சொல்லியிருக்கிறோம். கடவுளோடு அம்மா செய்திருக்கிற ஒப்பந்தத்துக்குள் அதற்கு மேல் நாங்கள் நுழைய முடியாது.

எங்களிடம் மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து, வார இறுதி வகுப்பை முடித்துக்கொண்டு ஞாயிறு இரவு பஸ் ஏறுகிற நண்பன் ஒருவன் இருக்கிறான். வன்னிப் பெடியன். 2009இல் அவனுக்குப் பத்து வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அந்தக் கதையை எழுதச் சொல்லி அவன் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. சொக்ஸ் பற்றி எழுதலாமோ என்று கேட்டபோது சிரித்துவிட்டு, "எழுதுங்கோ, ஆனா சரியா எழுதுங்கோ" என்றான்.

சரியாக எழுத வேண்டியது இது. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு ஏற்ற மாதிரித்தான் காலோடு பொருத்தப்படும். சப்பாத்துக்கென்று பொருத்திய பாதத்தில் சப்பாத்தைக் கழற்றினால், குதி கீழே இறங்க, உடம்பு பின்னால் சரியும். வழுக்குகிற மாபிள் நிலத்தில், சொக்ஸ் மட்டும் போட்ட செயற்கைப் பாதத்தோடு நடப்பது விழுவதற்கு வழி. 'கழற்றிவிட்டு வாங்கோ' என்பது அவனுக்கு மரியாதை பற்றிய விஷயம் இல்லை, சமநிலை பற்றியது.

இதை யோசித்துச் செய்த கால் ஒன்றும் இருக்கிறது. ஜெய்ப்பூர்க் கால். 1968இல் ராஜஸ்தானில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்தியரும் சேர்ந்து உருவாக்கியது. அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கைப் பாதங்கள் சப்பாத்துக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. கோயிலுக்கும் வீட்டுக்கும் வெறுங்காலோடு போகிற, குந்தி இருக்கிற, சம்மணம் கட்டிச் சாப்பிடுகிற, வயலில் இறங்குகிற சனத்துக்கு அவை சரிவரவில்லை. அதனால் ரப்பரில், விரல்களோடு, வெறும் பாதம் போலவே ஒன்றைச் செய்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுகிற பழக்கத்துக்காக ஒரு கால் மாறியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் என்ற பெயரே எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும். நண்பன் சின்ன வயதில் போட்டதும் அந்த வகைக் கால்தான். வளர வளர மாற்றி மாற்றி, இப்போது போடுவது வேறு வகை. பாரம் குறைவு, நடை நல்லது, ஆனால் சப்பாத்து வேண்டும்.

சொக்ஸ் என்றால் அவனுக்கு வேறு சாமான். மிச்சக் காலுக்கும் செயற்கைக் காலின் குழிக்கும் நடுவில் போடுகிற பருத்திச் சொக்ஸ். ஒற்றை மடிப்பு, மூன்று மடிப்பு, ஐந்து மடிப்பு என்று தடிப்பு வேறுபடும். நாள் போகப் போக மிச்சக் கால் கொஞ்சம் வற்றும், குழிக்குள் கால் ஆடத் தொடங்கும், மத்தியானம் தாண்ட இன்னொரு சொக்ஸ் ஏற்ற வேண்டும். சுருக்கம் ஒன்று விழுந்தாலே போதும், தோல் உரசிப் புண் வந்துவிடும். வேர்வையில் ஊறியதை இரவே தோய்த்துக் காயவைக்க வேண்டும். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து சொக்ஸ் பற்றிக் கதைத்ததைவிட அவனுக்கு ஒருவனுக்கே கூடத் தெரியும்.

எங்கட வாசலில் அவனுக்கென்று பலகை எதுவும் மாட்டவில்லை. "நீ கழற்றத் தேவையில்லை மச்சான், பரவாயில்லை" என்று ஆட்கள் முன்னால் சத்தமாகச் சொல்லப்படுவது அவனுக்கு விழுகிறதைவிட எரிச்சல். அவனுடைய விருப்பப்படி, எங்கட சப்பாத்துத் தட்டில் கீழ்ப்படியில் ஒரு சோடி கன்வஸ் நிற்கிறது. வெளிச் சப்பாத்தின் அதே குதி உயரம், தெருவைக் காணாத அடி. படி முடிகிற இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. மடங்காத பாதத்தைச் சப்பாத்துக்குள் தள்ளுவது லேசில்லை, அதனால் கதிரையின் கைப்பிடியில் ஒரு சொப்பிங் பாக் தொங்கும். அதைப் பாதத்தின் மேல் சுற்றினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பிறகு பாக்கை இழுத்து எடுத்துவிடலாம். அவனேதான் காட்டித் தந்தான்.

பல்கனிக் கொடியில் பத்து கிளிப் இருக்கிறது. அவன் வருகிற கிழமைகளில் வெயில் படுகிற பக்கத்து ஆறும் அவனுக்கு. அட்டன்காரனின் தடித்த சொக்ஸ் உள்ளே கதவுப் பிடியில் காயும். மட்டக்களப்பான் தோய்க்கிற அன்றைக்கு இடம் பார்ப்போம். மன்னார்க்காரனுக்குக் கொடி தேவைப்படுவதே இல்லை, அவனுடைய சோடி இந்த நிமிடமும் சப்பாத்துக்குள்ளேதான் இருக்கிறது.