கிழக்கு ஜன்னல்

மாத்தூருக்கு வரும் பஸ் பலகையில் இன்னும் எம்.எம்.டி.ஏ. என்றுதான் எழுதியிருக்கிறது. 1996இல் மெட்ராஸ் சென்னையானபோது அந்த ஸ்தாபனமும் சி.எம்.டி.ஏ. ஆயிற்று. ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மனையை அவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள்; வீட்டை நாங்கள் கட்டிக்கொண்டோம். முதலில் ஒரு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி. 1977இல் உலக வங்கிப் பணத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் தொடங்கிய திட்டங்களுக்கும் இதுதான் அடிப்படை: மனை, தண்ணீர், சாக்கடை கொடு, மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். உருவம், உள்ளடக்கம் என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டோமே, இங்கே அது மொட்டைமாடியில் அடுத்த தளத்துக்காக விட்டுவைத்த துருக்கம்பி.

இப்போது எங்கள் வரிசையைச் சேர்த்து எட்டு மாடி கட்ட ஒருவர் வந்திருக்கிறார். கட்டிடம் சூழலோடு இசைந்து நிற்கும் என்கிறார். அக்கம்பக்க வீடுகளின் வண்ணங்களை எடுத்திருக்கிறாராம்.

எங்களுக்குச் சூழல் என்பது வண்ணமல்ல, காற்று. கிழக்கே மணலி. 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னாலேயே உர ஆலை. கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும். ஆலைகளைக் கடந்துதான் வரும். ஒரே ஜன்னலில் குளிர்ச்சியும் நெடியும். திறப்பதா மூடுவதா என்பது இங்கே நித்தியக் குடும்பத் தகராறு.

பம்பாயில் சார்லஸ் கொரியா 1983இல் கட்டி முடித்த காஞ்சன்ஜங்கா ஞாபகம் வருகிறது. 84 மீட்டர் உயரம், 32 வீடுகள். பணக்காரர்கள் சமாசாரம்தான். ஆனால் கொரியாவுக்கும் இதே சிக்கல். மேற்கிலிருந்து கடற்காற்று, அதே மேற்கிலிருந்து வெயிலும் மழைச் சாரலும். பழைய பங்களாக்களில் வராந்தா வீட்டைச் சுற்றிக் காத்து நிற்கும். அந்த வராந்தாவை அவர் மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குக் குடைந்து மேலே ஏற்றினார். அங்கே சூழல் கட்டிடத்தின் உடம்பிலேயே இருக்கிறது. நம்மவரோ கிழக்கு முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கிறார். கடல் தெரியுமாம். தெரியலாம், அதற்கு முன்னால் புகைபோக்கியின் தீ தெரியும். மூடிய கண்ணாடிக்குள் ஏ.ஸி.யின் கரண்ட் பில்லைக் கட்டப்போவது யார்?

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம். டிசம்பர் 2023 புயல் மழையில் மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகம் வரை போயிற்று. வரைபடத்தில் தரையை நாலடி மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் புத்திசாலித்தனம். அந்த நாலடித் தண்ணீர் பின் தெருவுக்கு அல்லவா போகும்? அங்கே தரைமட்ட வீடுகள்.

மாடி என்பதற்காக நான் விரோதியல்ல. முழங்கால் வலிக்கு லிஃப்ட் நல்லதுதான். மண்ணைக் கொட்டாமல் தூண்களில் நிறுத்துங்கள், மதிலில் தண்ணீர் போக வழி விடுங்கள், கிழக்கில் கண்ணாடிக்குப் பதில் வராந்தாவும் மூடித் திறக்கும் பலகைக் கதவுகளும் வையுங்கள் என்றேன். ஒரு சதுர அடிக்கு இவ்வளவு குறையும் என்று கணக்குச் சொன்னார். எங்கள் வரிசையில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. பின் தெருக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கையெழுத்து தேவையில்லையாம்.