தயிர்க் கிண்ணத்தின் மேல் ஒரு நகரம்

நிலம் நடுங்கப் போவது நாய்க்குத் தெரியும், காக்கைக்குத் தெரியும், எறும்புக்குக்கூடத் தெரியும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். பக்தபூர் நாய்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும். ஜன்னலுக்குக் கீழே சந்தில் இரண்டு நாய்கள் சுகமாகப் படுத்திருந்தன. நடுக்கம் முடிந்து, வீடுகளிலிருந்து ஜனம் ஓடிவந்து, யாரோ வாலை மிதித்த பிறகுதான் அவற்றில் ஒன்று எழுந்து நின்றது.

காத்மாண்டுவுக்குக் கிழக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற பழைய நகரம் பக்தபூர். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான நேவார்களில் ஒரு குடும்பத்தின் வீட்டில் மூன்றாம் மாடியில் தங்கியிருந்தேன். நேவார் வீடுகளில் சமையற்கட்டு உச்சி மாடியில்தான் இருக்கும். அதனால் என் தலைக்கு மேலே எந்நேரமும் பாத்திரச் சத்தம். அன்று மாலையும் முதலில் வந்த உறுமலை மேலே எதையோ இழுக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்து ஜன்னல் கண்ணாடி படபடத்தது. கட்டில் பக்கவாட்டில் நகர்ந்தது. அதாவது, கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது, தரை நகர்ந்தது. வீட்டுக்கார அம்மாள் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு என் கதவைத் தட்டிக்கொண்டே படியிறங்கினார். "தம்பி, கீழே வா!" நான் செருப்பு மாட்டுவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. மொத்தமும் பத்து விநாடி இருந்தால் அதிகம்.

அதற்குப் பிறகு தௌமாடி சதுக்கத்தில் கண்ட காட்சிதான் எனக்கு அந்தப் பயணத்தின் பெரிய லாபம். ஐந்து நிமிடத்தில் சதுக்கம் நிரம்பிவிட்டது. ஒருவர்கூடச் சுவரோரமாக நிற்கவில்லை. எல்லோரும் வெட்டவெளியின் நடுவில். பேசும்போதும் கண் மட்டும் எதிர்ச்சுவரின் உச்சியிலேயே இருந்தது. பதற்றம் சற்றுத் தணிந்ததும் மதிப்பீடு தொடங்கியது. டீக்கடைப் பையன் நாலரை என்றான். காய்கறி விற்கும் பெண்மணி நாலுக்கு மேல் தேறாது என்று அடித்துச் சொன்னார். கோயில் படிக்கட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அதில் ஒருவர் மட்டும் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே, "நாலு" என்றார். சற்று நேரத்தில் யாருடைய போனிலோ சேதி வந்தது: நாலைச் சற்றே தாண்டியிருக்கிறது, மையம் மேற்கே. சீட்டுக் கிழவருக்குத்தான் வெற்றி. நம் ஊரில் மேகத்தைப் பார்த்து மழையைச் சொல்கிறவர்கள் உண்டு. இங்கே காலடியை வைத்து ரிக்டர் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்குத் திறன் இலவசமாக வந்ததல்ல. 2015 ஏப்ரல் 25, மதியம் 12 மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது 7.8 அளவில் ஒன்று வந்தது. நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை, அந்நாட்டில் பள்ளி விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் பிள்ளைகள் இல்லாமல் இடிந்தன. வீட்டுக்கார அம்மாள் முதலில் சொன்னதும் அதைத்தான்: "சனிக்கிழமையாக இருந்தது." இவர்களுடைய பழைய வீடு, செங்கலும் களிமண் சாந்துமாகக் கட்டியது, முன்பக்கம் முழுவதும் தெருவில் விழுந்ததாம். தார்ப்பாய்க்கு அடியில் குடும்பம் குடியேறியது. மே 12-ஆம் தேதி 7.3 அளவில் மறுபடியும் ஒன்று. இப்போதைய வீடு கான்கிரீட் தூண்கள் வைத்து எழுப்பியது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை.

ரிக்டர் கணக்கில் ஓர் எண் ஏறினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். அப்படிப் பார்த்தால் எங்களை ஆட்டியது 2015-இல் வந்ததில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் படியில் இறங்கும்போது அந்த அம்மாளுக்கு இந்த விகிதம் தெரிந்திருக்க வழியில்லை. சிறிய நடுக்கம் என்கிற பெயர் அது நின்ற பிறகுதான் கிடைக்கும். பெரியதும் முதல் இரண்டு விநாடி இப்படித்தான் இருந்தது என்றார் அவர்.

பக்தபூர் இருக்கும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ தன் வாளால் சோபர் மலையைப் பிளந்து தண்ணீரை வடித்தார் என்பது ஊர்க்கதை. ஏரி இருந்ததென்பதை நிலவியலும் ஒப்புக்கொள்கிறது. சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் வண்டல் படிந்திருக்கிறதாம். பக்தபூரில் ஜூஜூ தௌ என்று ஒரு தயிர், மண் கிண்ணத்திலேயே உறையவைத்துத் தருவார்கள். கிண்ணத்தை லேசாகத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் தயிர் சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். பாறையில் வருகிற அதிர்வை வண்டல் பெருக்குவதும் அப்படித்தான்.

தட்டுகிற கை எது? இந்திய நிலத்தட்டு. வடக்கே ஆசியாவை முட்டி, நேபாள இமயத்தின் அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நுழைந்துகொண்டிருக்கிறது. திருச்சியும் திருநெல்வேலியும் அந்தத் தட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாம் உட்கார்ந்திருப்பது முரட்டுப் பழம்பாறை, ஆட்டம் குறைவு. முட்டுகிறவனின் முதுகில் நாம், முட்டு வாங்குகிற இடத்தில் இவர்கள்.

திருநெல்வேலி என்றதும் இன்னொன்று. 1934 ஜனவரி 15, நம் பக்கம் பொங்கல் சமயம், நேபாளத்தையும் பீகாரையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பக்தபூர் பாதிக்கு மேல் சேதமடைந்தது. அப்போது காந்தி ஹரிஜன யாத்திரையில் தென்னிந்தியாவில் இருந்தார். தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று அவர் பேசியது திருநெல்வேலியில். தாகூர் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். காந்தி அந்தக் கண்டனத்தைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் சொன்னார். எனக்கு இதில் தாகூர் கட்சிதான். தண்டனை என்றால், தீண்டாமையை விடாப்பிடியாகக் காத்த ஊர்களை விட்டுவிட்டு பீகார் விவசாயியின் குடிசை மேல் விழுவானேன்?

சதுக்கத்தில் நிற்கும் நியாதபோலா கோயிலுக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். அரசன் பூபதீந்திர மல்லன் காலத்தில், 1702-இல் எழுந்த ஐந்தடுக்குக் கோயில். ஐந்து படிமேடைகளின் இருபுறமும் காவல்: கீழே மல்யுத்த வீரர்கள், மேலே யானை, சிங்கம், அதற்கும் மேலே சிங்க உடலும் பறவை மூக்குமான விலங்கு, உச்சியில் தேவியர். ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ளதைவிடப் பத்து மடங்கு பலம் என்பார்கள். 1934-ஐயும் 2015-ஐயும் பார்த்துவிட்டது, அடிபட்டிருக்கிறது, சாயவில்லை. காரணம் தேவியரா, அகன்ற மேடைகளா, மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டு போகும் அமைப்பா, ஆடினாலும் விடாத மர இணைப்புகளா என்று சீட்டாடிய கிழவரைக் கேட்டேன். "எல்லாம்தான்" என்று சொல்லிவிட்டுத் துருப்பை இறக்கினார்.

இரவு சாப்பாட்டில், கீழ்த்தளத்து அறை காலியாக இருக்கிறதா என்று விசாரித்தேன். "எதற்கு? இடிந்தால் மேல்மாடியில் இருப்பவனுக்கு மேல் ஒன்றும் விழாது. தோண்டியெடுக்கவும் சுலபம்" என்றார் அம்மாள். மேலே அவருடைய சமையற்கட்டு இருக்கிறதே என்றேன். அவர் யோசித்தார். கீழ் அறைக்கு நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் கூட என்றார். நேபாள ரூபாய், நம் கணக்கில் நூற்றிருபத்தைந்து. பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் பையைக் கீழே இறக்கினேன்.