ஒரே புத்தகம், வேறு வேறு டை

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் கிரிவலம்தான் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமை ராஜபாளையத்து மில் தொழிலாளியும் முதலாளியும் ஒரே படியில்தான் ஏற வேண்டும். திங்கட்கிழமை காலையில் அவர்களின் பிள்ளைகள் பிரிந்துவிடுவார்கள். டை கட்டியவர்கள் மஞ்சள் வேனில். மற்றவர்கள் இலவச பஸ் பாஸோடு டவுன் பஸ்ஸில்.

ஒரு காலத்தில் இந்தப் பிரிவு புத்தகத்திலேயே இருந்தது. ஸ்டேட் போர்டு, மெட்ரிக்குலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று தமிழ்நாட்டில் நான்கு பாடத்திட்டங்கள். "பையன் மெட்ரிக்ல படிக்கிறான்" என்று சொல்வதே ஒரு அந்தஸ்து. சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்தது. முதலில் 1, 6 வகுப்புகளுக்கு மட்டும். 2011-ல் வந்த புதிய அரசு அதை நிறுத்தி வைக்கப் பார்த்தது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது.

அதற்குப் பிறகு புத்தகமும் ஒன்று, பரீட்சையும் ஒன்று. அப்படியானால் தனியார் பள்ளியின் கட்டணம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. பல மெட்ரிக் பள்ளிகள் போர்டை மாற்றி சிபிஎஸ்இ ஆகிவிட்டன!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. விலை ஏறினால் தேவை குறையும் என்பது பொது விதி. விலை அதிகம் என்பதாலேயே விரும்பப்படும் பொருட்களும் உண்டு. தோர்ஸ்டைன் வெப்லன் 1899-லேயே இந்தப் பகட்டுச் செலவைப் பற்றி எழுதிவிட்டார். நகைக்கும் காருக்கும் பொருந்துவது பள்ளிக்கும் பொருந்துகிறது. ஃபீஸ் ரசீதில் பாடத்துக்கு மட்டும் பணம் இல்லை; பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்வார்கள் என்பதற்கும் சேர்த்துத்தான்.

அதற்காகக் கடன் வாங்கிக் கட்டும் பெற்றோரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. இன்டர்வியூவில் ஆங்கிலம் கேட்கிறார்கள். அதைத்தான் அவர்கள் பிள்ளைக்கு வாங்கித் தரப் பார்க்கிறார்கள்.

தனியார் பள்ளி என்றாலே மேட்டுக்குடிப் பள்ளி என்பதும் சரியில்லை. இதே மாவட்டத்தில் விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அரசு கட்டியதல்ல. வீடு வீடாகப் பிடி அரிசி சேர்த்து ஒரு சமூகம் நடத்திய பள்ளி. அந்தப் பிடி அரிசி, காசில்லாத பிள்ளையையும் வகுப்புக்குள் கொண்டுவரச் சேர்த்தது. இன்றைய பல கட்டணங்கள் அதே பிள்ளையை வெளியே நிறுத்துகின்றன. இரண்டும் தனியார்தான். வித்தியாசம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்.

கல்வி உரிமைச் சட்டம் (2009) சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. முன்னது டவுன் பஸ் பிள்ளையை வேனில் ஏற்றுகிறது. பின்னது டவுன் பஸ்ஸில் வந்தாலும் டாக்டர் ஆகலாம் என்கிறது.

இரண்டில் எது இந்தப் பிரிவைக் குறைக்கும்? அடுத்த ஜூனில் அட்மிஷன் ஃபாரம் வாங்கும் முன் வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.