பிரான்சுக்குப் போன தம்பி

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவள் துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். செபமாலை உருட்ட வேண்டிய வயதில் கொலையும் களவும் எதற்கு என்று என் தங்கை கேட்பாள். நல்ல துப்பறியும் கதை ஒருவகை ஆன்ம சோதனை என்பதே அவளுக்கு நான் சொல்லும் விடை. மறைந்தது வெளிப்பட வேண்டும், பொய் கலைய வேண்டும் என்னும் தாகம் அதில் உண்டு. அதிலும் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி எழுதப்பட்ட குற்றக் கதைகள்மீது எனக்குத் தனிப் பற்று. ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்ததும் அவற்றுள் ஒன்றையேனும் எடுத்து வாசிப்பது என் வழக்கம்.

அவ்வகையில் இரண்டு கதைகள் எனக்கு அளவுகோல்கள். ஒன்று, ஆர்தர் கானன் டாயில் 1892 சனவரியில் வெளியிட்ட நீல மாணிக்கக் கதை. விடுதிப் பணியாள் ஒருவன் விலையுயர்ந்த மணியைத் திருடுகிறான். பழி ஓர் ஏழைக் குழாய்த் தொழிலாளிமீது விழுகிறது. உண்மையைக் கண்டறிந்த ஷெர்லாக் ஹோம்ஸ், காலில் விழுந்து அழும் திருடனைக் காவலரிடம் ஒப்படைக்காமல் போக விடுகிறார். சிறைக்கு அனுப்பினால் இவன் வாழ்நாள் குற்றவாளியாகிவிடுவான் என்பது அவர் கணிப்பு. இது மன்னிப்பின் காலம் என்பது அவர் சொல்லும் மற்றொரு காரணம். இன்னொன்று, 1911-இல் நூல் வடிவம் பெற்ற ஜி. கே. செஸ்டர்டனின் தந்தை பிரவுன் கதைகளுள் ஒன்று. வைரங்களைத் திருடிக்கொண்டு தோட்டத்து மரத்தின்மேல் ஒளிந்திருக்கும் திருடனிடம், கீழே நின்றபடி அந்தச் சிறிய குருவானவர் பேசுகிறார். உன் களவுக்காகக் குற்றமற்ற இளைஞன் ஒருவன்மீது ஐயம் விழப் போகிறது என்று உணர்த்துகிறார். வைரங்கள் மேலிருந்து கீழே விழுகின்றன. செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது 1922-இல்தான். ஆனால் அவருடைய கதையில் ஒப்புரவு அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது.

இவ்விரு கதைகளிலும் யார் செய்தது என்ற வினா விரைவில் தீர்ந்துவிடுகிறது. செய்தவனை என்ன செய்வது என்ற வினாவே எஞ்சி நிற்கிறது. கிறிஸ்து பிறப்புக் காலக் குற்றக் கதையின் இலக்கணம் இதுதான் என்று நான் எண்ணி வந்தேன். அந்த எண்ணத்தைச் சற்று அசைத்த தமிழ்ப் படம் ஒன்றைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகிறேன்.

ஸ்ரீராம் ராகவன் இயக்கிய 'மெரி கிறிஸ்துமஸ்' 2024 சனவரி 12 அன்று வெளியாயிற்று. பாலன் பிறந்த இரவைக் கூறும் படம் பொங்கல் வாரத்தில், 'அயலான்', 'கேப்டன் மில்லர்' என்னும் இரு பெரும் படங்களோடு ஒரே நாளில் வந்தது. திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை விட்ட குழந்தைபோல் அது காணாமற் போனதில் வியப்பில்லை. தமிழிலும் இந்தியிலும் தனித்தனியே எடுக்கப்பட்ட படம் அது. விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் இரண்டிலும் உண்டு. துணைப் பாத்திரங்களில் தமிழுக்கு ராதிகா, சண்முகராஜன், ராஜேஷ் ஆகியோர் நடித்தனர்.

இதன் மூலக்கதை பிரெஞ்சு மொழிக்குரியது. ஃபிரெடெரிக் தார் 1961-இல் எழுதிய 'லு மோந்த் ஷார்ஜ்' என்னும் சிறு நாவல். சரக்கு மின்தூக்கி என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டே அது பிரான்சில் திரைப்படமாயிற்று. அதே 1962-இல்தான் எங்கள் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மண் இது. இன்றும் இங்குப் பல குடும்பங்களுக்கு ஒரு கால் பிரான்சிலும் ஒரு கால் அரசலாற்றங்கரையிலும் இருக்கிறது. இதை நான் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது பின்னர் விளங்கும்.

படத்தின் கதை இது. மும்பை இன்னும் பம்பாயாக இருந்த காலம். கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவு. ஆல்பர்ட் ஆரோக்கியசாமி என்பவன் ஏழாண்டுகளுக்குப் பின் வீடு திரும்புகிறான். அவன் இல்லாதபோது தாய் இறந்துவிட்டாள். அண்டை வீட்டு முதியவர் அன்போடு விசாரிக்கிறார். துபாயில் இருந்தேன் என்கிறான். அம்முதியவராகத் தமிழில் நடித்த ராஜேஷ் 2025 மே மாதம் நம்மை விட்டுப் பிரிந்தார். பின்னர் நகருக்குள் உலவச் செல்லும் ஆல்பர்ட், மரியா என்ற பெண்ணையும் பேச்சற்ற அவள் மகளையும் சந்திக்கிறான். அவர்களோடு அவள் வீட்டுக்குப் போகிறான். இரவு வளர்கிறது. அவள் கணவன் பிணமாகக் கிடக்கிறான். ஆல்பர்ட் இருந்த இடம் துபாய் அல்ல, சிறை என்பதும் நமக்குத் தெரிய வருகிறது.

புதிரின் விடையை நான் சொல்லப்போவதில்லை. அதைக் கட்டிய விதத்துக்கு என் பாராட்டு உண்டு. தொடக்கத்தில் இரண்டு மிக்ஸிகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்றில் மிளகாய்ப் பொடி, மற்றொன்றில் மாத்திரைகள். அதன் பொருள் நெடுநேரம் கழித்தே விளங்குகிறது. பொறுமையுள்ள கதைசொல்லியால்தான் இப்படி விதைத்துவிட்டுக் காத்திருக்க முடியும். குறையும் உண்டு. முற்பகுதியில் உரையாடல் அளவுக்கு மீறி நீள்கிறது. இந்தியில் நினைத்துத் தமிழில் பேசுவதுபோல் சில இடங்கள் ஒலிக்கின்றன.

என் மனத்தைப் புண்படுத்தியது வேறொன்று. நள்ளிரவுத் திருப்பலிக் காட்சி. ஆலயம் நிறைந்திருக்கிறது, மரியா மயங்கி விழுகிறாள். தன் குற்றத்துக்குச் சாட்சிகளைத் தேடிக்கொள்ளவே அவள் அங்கு வந்தாள் என்று அறியும்போது எனக்குச் சினம் வந்தது. இறைமக்கள் கூடும் இடத்தை நாடக மேடையாக்குவதா? 2024-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று மாலை, கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது இதை வாய்விட்டே சொன்னேன்.

அருகில் அமர்ந்திருந்த என் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பாயின் கோரை ஒன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

இனி எழுதுவதை அவன் படித்து ஒப்புதல் தந்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.

தம்பி படகு எந்திரம் பழுதுபார்ப்பவன். பிழைப்புக்காக வெளிமாநிலத் துறைமுகம் ஒன்றுக்குப் போனான். 2011-இல் அங்கு நேர்ந்த ஒரு வாக்குவாதம் கைகலப்பாயிற்று. அவன் அடித்த ஒரே அடியில் உடன் வேலை செய்தவர் கீழே விழுந்து இறந்தார். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவன் சிறை சென்றான். ஊரில் எவருக்கும் தெரியாது. எங்கே உன் தம்பி என்று கேட்டவர்களிடம், பிரான்சுக்குப் போய்விட்டான் என்று நான் சொன்னேன். எங்கள் மண்ணில் அதைவிட எளிதாக நம்பப்படும் பொய் வேறில்லை. பெரியப்பா வீட்டார் அங்கிருந்ததால் சாட்சியும் தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு இந்தப் பொய் பிடிக்கவில்லை. எங்கள் கரையில் 2004 முதல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் கண்ணீரின் நாள். அன்று பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் ஒன்றாகக் கூடி அழுவதை அம்மா பார்த்திருந்தார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கடல் கொண்டுபோன பிள்ளைன்னா ஊரோட சேர்ந்து அழலாம். இதை யாருகிட்ட சொல்லி அழுவேன், சொல்லு?" நான் குடும்ப மானத்தைப் பற்றி ஏதோ விடை சொன்னேன். 2014-இல் அம்மா இறந்தார்.

திங்கட்கிழமை காலையில் உயிர் பிரிந்தது. சிறையின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. சொல்லியிருந்தால் தாயின் முகத்தைக் காண அவனுக்கு விடுப்புக் கிடைத்திருக்கக்கூடும். காவலர் இருவர் துணையோடு அவன் எங்கள் தெருவில் இறங்கியிருப்பான். அந்தக் காட்சியை நான் மனத்தில் கண்டேன். தொலைபேசியை எடுக்கவில்லை. அடக்கம் முடிந்த பின், வியாழக்கிழமை, கடிதம் எழுதினேன். தாய் சாவுக்குக்கூட வரவில்லையா என்று அந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் பலர் கேட்டனர். பிரான்சில் விடுப்புக் கிடைக்கவில்லை என்றேன். ஆம், ஆலய முற்றத்தில்தான். பாலன் இயேசுவின் குடில் பத்தடி தூரத்தில் இருந்தது.

மரியா நள்ளிரவுத் திருப்பலியைப் பயன்படுத்திக்கொண்டாள் என்று சினந்தேனே, அவள் தன் குழந்தையைக் காக்கவாவது அதைச் செய்தாள்.

படத்தின் முடிவில் ஆல்பர்ட் அந்தப் பெண்ணின் குற்றத்தைத் தன்மேல் ஏற்கத் துணிகிறான். உரையாடல் குறைந்து இசையே பேசும் காட்சி அது. ஒரு மோதிரமும் சில பார்வைகளும் மட்டுமே. ஹோம்ஸ் குற்றவாளியை விடுவித்தார், தந்தை பிரவுன் மனந்திரும்பச் செய்தார், இவனோ பழியைச் சுமக்கிறான். இதை நான் முழுமனத்தோடு ஏற்கவில்லை. பிறர் பழியைச் சுமக்கும் அன்பு உயர்ந்ததே. ஆயினும் உண்மை மூடப்பட்டே கிடக்கிறது. அந்தக் குழந்தை நாளை ஒரு பொய்யின்மீது வளரவேண்டும். பொய்யின்மீது எழுப்பிய வீடு எத்தகையது என்று எனக்குத் தெரியும். இருப்பினும் ஒன்றை மறுக்க இயலவில்லை. ஆல்பர்ட்டின் முதற்பொய் தன்னைக் காக்க, இறுதிப் பொய் பிறரைக் காக்க. இரண்டுக்கும் நடுவில் ஒரே இரவில் அவன் நெடுந்தூரம் நடந்திருக்கிறான். தம்பியைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் காத்ததோ என்னை. தலைமையாசிரியையின் தம்பி சிறையில் என்று ஊர் சொல்லிவிடக்கூடாது. அவ்வளவே.

படம் முடிந்தது. நான் தம்பியிடம் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னேன். பத்தாண்டுகள் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லச் சில நிமிடங்களே ஆயின.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "தெரியும்க்கா" என்றான். "லெட்டர்ல தேதி போட்டிருந்தியே."

ஆசிரியையின் பழக்கம். எந்தக் கடிதமானாலும் வலப்பக்க மூலையில் ஊரும் தேதியும் இடாமல் நான் தொடங்கியதில்லை. அம்மா திங்களன்று இறைவனில் துயின்றார் என்று கீழே எழுதியிருந்தேன். மேலே வியாழக்கிழமைத் தேதி. இத்தனை ஆண்டுகள் துப்பறியும் கதைகள் படித்தவள் தன் குற்றத்தின் தடயத்தைத் தன் கையெழுத்திலேயே அனுப்பிவைத்திருக்கிறேன். சிறைக் கொட்டடியில் அமர்ந்து அவன் அன்றே புதிரை அவிழ்த்துவிட்டான். 2017-இல் விடுதலையாகி என் வீட்டுக்கு வந்தான். ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் என் கையால் சோறு உண்டான். ஒரு சொல் கேட்கவில்லை.

"ஏன்டா கேக்கல?" என்றேன்.

"நீ எப்பவாவது சொல்லுவன்னு இருந்தேன்."

செய்தவனை என்ன செய்வது என்ற வினாவைப் பற்றி மேலே எழுதினேன். எப்போதும் தீர்ப்பு வழங்கும் இடத்தில் என்னை அமர்த்திக்கொண்டே அக்கதைகளைப் படித்திருக்கிறேன். மரத்தின்மேல் இருப்பவள் நானாக இருக்கக்கூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கீழே ஒருவன் ஏழாண்டுகள் குரல் கொடுக்காமலே நின்றிருக்கிறான்.

சென்ற 2025 டிசம்பர் 24 அன்று இரவு, காரைக்கால் தேற்றரவு அன்னை ஆலயத்துக்கு இருவரும் புறப்பட்டோம். போகும் வழியில், ஊராரிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அவனைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் வண்டியை ஓட்டினான். பிறகு சொன்னான்: "உன் பொய்ய நீ எடுத்துக்கக்கா. என் கதைய நான் சொல்லிக்கிறேன்."

முற்றத்தில் எங்கள் தாயோடு பழகிய மூதாட்டி ஒருவர், கண்ணை இடுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். "பிரான்சுலேருந்து எப்பப்பா வந்தே?" என்றார்.

"அவன் பிரான்சுக்குப் போகல, பெரியம்மா. நான்தான் அப்படிச் சொன்னேன். பொய்" என்றேன். தொண்டை அடைத்தது.

தம்பி ஓரடி முன்னே வந்து, எங்கே இருந்தான், எதற்காக இருந்தான் என்பதை மூன்று வாக்கியங்களில் சொன்னான். இறந்தவரின் பெயரையும் சொன்னான். அந்தப் பெயரை அவன் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

மூதாட்டி நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆலய மணி ஒலிக்கத் தொடங்கிற்று.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா, நீ எங்க இருந்தேன்னு?"

"தெரியும், பெரியம்மா."

"சரி, உள்ள வா" என்று அவன் கையைப் பற்றிக்கொண்டு படியேறினார். உள்ளே அவருடைய பலகையில் அவனுக்கு இடம் ஒதுக்கித் தந்தார். நான் பின்வரிசையில் நின்றுகொண்டேன்.